யாரும் கேட்காத அறிக்கைகள்

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூரில் பொறியியல் படித்து முடித்த கையோடு புனேவுக்கு வேலைக்கு வந்தேன். பிம்ப்ரியில் ஒரு பெரிய தொழிற்சாலை. லாரிகளுக்கும் டெம்போக்களுக்கும் கியர் செய்கிற இடம். எனக்கு என்ன வேலை என்று வீட்டில் விளக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. எந்த வேலையை யார், எப்படி, எதற்காகச் செய்கிறார்கள் என்று கூடவே நின்று பார்த்து, தேவையில்லாததைக் குறைக்கச் சொல்லும் பிரிவு அது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து அப்பாவிடம் சொன்னபோது, "அப்ப மத்தவங்க வேலை செய்யறத வேடிக்கை பாக்கறதுக்குச் சம்பளமா கண்ணு?" என்றார். ஏறக்குறைய அப்படித்தான்.

சிஞ்ச்வடில் இன்னும் இரண்டு பெண்களோடு ஒரு ஃபிளாட்டில் தங்கியிருந்தேன். மற்றப் பெண்களைப் போலவே துப்பட்டாவால் முகத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு மொபெட்டில் ஆலைக்குப் போவேன். அந்தக் கோலத்தில் எங்கள் ஊரில் வண்டி ஓட்டினால் வங்கியில் கொள்ளையடிக்க வந்தவள் என்று நினைத்துவிடுவார்கள்.

முதல் மாதமே எனக்கு ஸ்டேப்ளர் பின் தீர்ந்துபோனது. ஒரு பெட்டி பின் வேண்டுமென்றால் மூன்று கையெழுத்து வாங்க வேண்டும். முதலிரண்டு கையெழுத்தும் கிடைத்துவிட்டன. மூன்றாவது ஆள் தங்கை கல்யாணத்துக்காக சாத்தாரா போயிருந்தார். அவர் வரும்வரை காத்திருக்க முடியாமல், என் துப்பட்டாவில் குத்துகிற ஊக்குகளைக் கழற்றிக் காகிதங்களில் குத்தி மேலாளரிடம் கொடுத்தேன். அவர் ஐம்பதைத் தாண்டிய மராத்தியர். ஆங்கிலத்தில் ஆரம்பித்து மராத்தியில் முடிப்பார். ஊக்கைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இந்தக் கம்பெனியில காகிதத்துக்குப் பஞ்சமே இல்ல. அதைச் சேத்துக் குத்த ஒரு பின் கிடையாது. நீ ஒண்ணு செய். மாசாமாசம் எத்தனை அறிக்கை எங்கெங்கே போகுது, அதை யார் படிக்கிறாங்கன்னு கண்டுபிடி. தேவையில்லாததை நிறுத்திடலாம்."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கல்லூரியில் படித்த மாதிரியே அழகாக ஒரு கேள்வித்தாள் தயாரித்தேன். உங்களுக்கு வரும் அறிக்கைகளின் பட்டியல், அதில் எது அவசியம், எது தேவையில்லை, காரணம் என்ன. எல்லாப் பிரிவுகளுக்கும் அனுப்பினேன். எல்லாரும் பொறுப்பாகப் பதில் எழுதினார்கள். எல்லா அறிக்கையும் மிகவும் அவசியம். ஒரே ஓர் ஆள்கூட, ஒரே ஓர் அறிக்கையைக்கூட வேண்டாமென்று சொல்லவில்லை. அதில் ஒன்று, நான் பழைய பட்டியலைப் பார்த்துத் தவறுதலாகச் சேர்த்தது. அந்த அறிக்கை நின்றுபோய்ப் பல காலமாகியிருந்தது. அதையும் "மிக மிக அவசியம், தாமதமின்றி அனுப்பவும்" என்று எழுதியிருந்தார்கள்.

யோசித்துப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒருவர் தனக்கு வரும் அறிக்கை வேண்டாமென்று சொன்னால், அடுத்த கேள்வி, நீ எதற்கு என்பதுதானே? அப்படிக் கேட்கப் போகிற பிரிவிலிருந்துதான் கேள்வித்தாளே வந்திருக்கிறது.

அறிக்கைகளெல்லாம் கம்ப்யூட்டர் அறையில் அச்சாகும். அகலமான தாள், இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மடிப்பு மடிப்பாக வரும். பிரிண்டர் கீச்சுக் கீச்சென்று நாள் முழுவதும் கத்தும். அதையெல்லாம் பிரித்துக் கட்டி, பிரிவுவாரியாக அனுப்புவது தபால் பிரிவு. அங்கே நாற்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் இருந்தார். எல்லாரும் அவரைத் தாயி என்றுதான் கூப்பிடுவார்கள். மராத்தியில் அதற்கு அக்கா என்று பொருள். அது தெரியாமல், நம் ஊர்ப் பெரியவர்கள் 'தாயி' என்று அழைப்பதைப் போல நினைத்துக்கொண்டு நான் கொஞ்ச நாள் மிகவும் பயபக்தியோடு கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் கணபதி விழா வந்தது. பிள்ளையாரைக் கரைக்கும் விசர்ஜன் நெருங்க நெருங்க ஆலையில் பாதிப் பேரைக் காணோம். தாயியின் பிரிவில் கட்டுச் சுமக்கிறவர்கள் எல்லாரும் ஊர்வலத்தில் டோல் தாஷா மேளம் அடிக்கப் போய்விட்டார்கள். அறிக்கைக் கட்டுகள் அலமாரியிலும் தரையிலும் அப்படியே கிடந்தன. விழா முடிந்து, மேளம் அடித்த கைகளில் காய்ப்போடு அவர்கள் திரும்பி வந்தபோதும் கட்டுகள் அங்கேயேதான் இருந்தன. நான் தாயியிடம் கேட்டேன்: "யாராவது போன் பண்ணிக் கேட்டாங்களா?"

தாயி கொஞ்சம் யோசித்தார். "இல்லையே" என்றார். பிறகு அந்தப் பதில் அவருக்கே பிடிக்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் மேலாளரிடம் ஓடினேன். யாரையும் கேட்க வேண்டாம், அடுத்த மாதம் எதையும் அனுப்பாமலே இருந்து பார்ப்போம், யார் கேட்கிறார்களோ அவர்களுக்கு மட்டும் கொடுப்போம் என்றேன். அவர் பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டே, "யாராவது சண்டைக்கு வந்தா?" என்றார்.

"என்கிட்ட அனுப்பிடுங்க சார்."

"அது சரி. முதல்ல அவங்க என்கிட்டதானே வருவாங்க?" என்று சிரித்தார். ஆனால் சம்மதித்தார்.

அன்று மாலை வண்டியை எடுக்கப் போகும்போது தாயி எனக்காகக் காத்திருந்தார். சுற்றி வளைக்கவில்லை. "காகிதம் போயிட்டா நானும் போயிடணுமா?" என்று மட்டும் கேட்டார். நான் அதுவரை அந்தப் பக்கமாக யோசித்துப் பார்த்ததே இல்லை. எனக்கு அது ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது. அவருக்கோ காலேஜில் படிக்கும் மகள், வாதம் வந்து படுத்த மாமியார், எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வேலை. மறுநாள் காலையில் மேலாளரிடம் போய், காகிதம்தான் போக வேண்டும், ஆள் யாரும் வெளியே போகக் கூடாது, அப்படியென்றால்தான் செய்வேன் என்றேன். என் அனுபவத்துக்கு அது பெரிய வாய்தான். அவர், "யாரும் போக மாட்டாங்க. நானே அந்த அம்மாகிட்டச் சொல்றேன்" என்றார். சொல்லவும் சொன்னார். தபால் பிரிவுக்கே நடந்து போய், நின்றுகொண்டே சொன்னார். தாயி அன்று எனக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த சாபுதானா என்கிற ஜவ்வரிசிக் கிச்சடியில் பாதியைக் கொடுத்தார்.

மாதம் பிறந்தது. பிரிண்டர் வாயை மூடிக்கொண்டது. நான் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மணி அடிக்கும்போதெல்லாம் பாய்ந்து எடுப்பேன். எல்லாம் வேறு வேறு விஷயங்கள். உற்பத்திப் பிரிவு கேட்கவில்லை. விற்பனைப் பிரிவு கேட்கவில்லை. "தாமதமின்றி அனுப்பவும்" என்று எழுதியவர் என்னோடு கேன்டீனில் ஒரே மேசையில் வடா பாவ் தின்றுவிட்டு, மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். ஓரிரண்டு அறிக்கைகளைக் கொள்முதல் ஆட்கள் கேட்டார்கள். அவற்றை உடனே அனுப்பினோம். மற்றபடி ஒரு சத்தமும் இல்லை.

அந்த மாதம் முடியப் போகிற நேரத்தில்தான் அந்த போன் வந்தது. ஆலையின் கடைசியில், ரயில் பாதையை ஒட்டி இருக்கும் பெரிய சரக்குக் கிடங்கிலிருந்து. கனத்த குரல். இந்தியில், "நகராத சரக்கு அறிக்கை இன்னும் வரவில்லை" என்றது.

நகராத சரக்கு என்றால் வாங்கி வைத்து, பல காலமாக யாரும் எடுக்காமல் கிடக்கும் சாமான்கள். இருக்கிற அறிக்கைகளிலேயே மிகவும் தடிமனானது அதுதான். யாரும் படிக்கவே முடியாது என்று நான் உறுதியாக நம்பியதும் அதைத்தான்.

"அதில் எந்தப் பகுதி உங்களுக்கு வேண்டும்?" என்று கேட்டேன்.

"எல்லாம் வேண்டும்" என்றது குரல். "முழுக்க."

அடுத்த அரைமணியில் ஆளே நேரில் வந்துவிட்டார். நரைத்த மீசை, காக்கிச் சட்டை, பையில் நாலு பேனா. என் இந்தியைக் கேட்டுக்கொண்டே இருந்தவர் பாதியில் நிறுத்தி, "மேடம் தமிழா?" என்றார்.

"ஆமாங்க. கோயமுத்தூருங்க."

"அட, இத மொதல்லியே சொல்லக் கூடாதா! நமக்கு வேலூர்ப் பக்கம். அப்பா மிலிட்டரி டெப்போ வேலைக்கு வந்தாரு, நான் பொறந்ததே இங்கதான். கோர்படி." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னா மேடம், அந்த ரிப்போர்ட்ட நிறுத்திட்டீங்களாமே. அது இல்லன்னா நம்ம வேலையே பந்த் ஆயிடும்."

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அறிக்கையை உண்மையாகவே படிக்கும் ஒரு மனிதர்! நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "சொல்லுங்க, அத எதுக்கு உபயோகப்படுத்துறீங்க?" என்றேன்.

அவர் மீசையைத் தடவினார். ஜன்னலைப் பார்த்தார். "பொய் சொல்றதுக்கு இஷ்டமில்ல மேடம். அந்த ரிப்போர்ட்டோட முன்பக்கம் எனக்கு வேணாம். அதுல இருக்கிற சாமான் எல்லாம் நம்ம கண்ணு முன்னாடிதான் கெடக்குது. எனக்குப் பின்பக்கம்தான் வேணும்."

"பின்பக்கத்துல ஒண்ணும் இருக்காதுங்களே?"

"அதான் மேடம் பராபர், சரியா சொன்னீங்க! அதுக்குத்தான்." எழுந்துகொண்டார். "சொன்னா வெளங்காது. ஞாயித்துக்கெழம கோர்படிக்கு வாங்க. நம்ம வீட்லியே சாப்பாடு."

ஞாயிற்றுக்கிழமை போனேன். ரயில்வே காலனியைத் தாண்டி, ஒரு சின்ன மாரியம்மன் கோயிலை ஒட்டி ஓடு போட்ட கூடம். உள்ளே காலெடுத்து வைத்ததும் சிரித்துவிட்டேன். எங்கள் ஆலையின் நகராத சரக்கு அறிக்கை, கிழிக்கப்படாமல் ஒரே நீளத் தாளாக, கூடத்தின் நாலு சுவரையும் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் கட்டை கட்டையாக, மையில் தோய்த்த துணியால் எழுதிய தமிழ் எழுத்துகள். கதவுக்குப் பக்கத்தில் அகரத்தில் தொடங்கி, கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி கதவுக்குப் பக்கத்திலேயே வந்து முடிந்திருந்தது. வேறு எந்தத் தாளிலும் அப்படி ஒட்டுப்போடாமல் எழுத முடியாது.

தரையில் பிள்ளைகள். ஒவ்வொருவர் முன்னாலும் எங்கள் தாள். முன்பக்கத்தில் போல்ட், வாஷர், பழைய மோட்டார் பெல்ட். பின்பக்கத்தில் அம்மா, ஆடு, இலை. அவருடைய மனைவிதான் டீச்சர். ஒரு ரயில்வே பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் இது. வேலூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது, இங்கே பிறந்த பிள்ளைகள் பாட்டி ஊரிலிருந்து வருகிற கடிதத்தைப் படிக்க அடுத்த வீட்டுக்கு ஓடுவதைப் பார்த்திருக்கிறார். அப்போது ஆரம்பித்தது.

"டீச்சர், இந்த எழுத்துக்கு எதுக்கு இத்னா பெரிய பூஞ்ச்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். பூஞ்ச் என்றால் இந்தியில் வால். அவள் காட்டியது 'ழ'வை.

"அது வாலு இல்லடி, காலு. அது மேலதான் நிக்குது" என்றார் டீச்சர். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க பாப்பம் ழ. நம்மகிட்ட அது 'ய'ன்னுதான் வருது" என்றார். நான் சொன்னேன். பிள்ளைகள் கூட்டமாகத் திருப்பிச் சொன்னார்கள். கூடம் முழுக்க வாழைப்பழம் வழுக்கி விழுந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் நான் அந்த வகுப்பின் உதவி டீச்சராகிவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் மறுக்கவில்லை.

திங்கட்கிழமை மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார். "நம்ம அறிக்கைக்கும் ஒரு வாசகர் வட்டம் இருக்குன்னு சொல்லு" என்றார். அறிக்கை நின்றது நின்றதுதான். ஆனால் பதிவறையில் பழைய கட்டுகள் கூரைவரை கிடந்தன. எப்படியும் கூழாக்கப் போகிற காகிதம். அதை வகுப்புக்குக் கொடுத்துவிடலாம் என்றார்.

அங்கேதான் எங்களுக்கு ஆலை என்றால் என்னவென்று புரிந்தது. பழைய சாமான் எதுவாக இருந்தாலும் ஏலத்தில் விற்றால்தான் வாயிலைத் தாண்டும். விற்கலாம், எரிக்கலாம், கூழாக்கலாம். சும்மா கொடுக்க மட்டும் விதி இல்லை. கிடங்குக்காரர் இத்தனை நாள் தன் பங்கு அறிக்கையைச் சைக்கிள் பையில் மடித்துக் கொண்டுபோனதை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வாயில் காவல் அதிகாரி ராணுவத்திலிருந்து வந்தவர். இது ரகசிய ஆவணம் என்றார்.

"நம்மகிட்ட எத்தனை பழைய போல்ட் கெடக்குன்னு தெரிஞ்சா போட்டிக் கம்பெனி என்ன செய்யும்?" என்று மேலாளர் கேட்டார்.

"அது எனக்குத் தெரியாது சார்."

"எனக்குத் தெரியும். சிரிக்கும்."

காவல் அதிகாரி சிரிக்கவில்லை. எங்களைக் கணக்குப் பிரிவுத் தலைவரிடம் அனுப்பினார். அவரைக் கண்டால் எல்லாருக்கும் நடுக்கம். புனே நகரின் பழைய பேட்டைக்காரர், சுருக்கமாகப் பேசுவார், அதிலும் பெரும்பாலும் 'இல்லை' என்ற ஒரே சொல்தான். விதி இல்லாததை நான் எப்படி அனுமதிப்பேன் என்றார். நான் திரும்பத் திரும்பப் போனேன். ஒருநாள் அலுத்துப்போய், "சார், நீங்க ஒரு தடவை வந்து பாத்துட்டு 'இல்லை'ன்னு சொல்லுங்க. அப்புறம் நான் கேக்கவே மாட்டேன்" என்றேன். என்ன நினைத்தாரோ, நாட்காட்டியைப் பார்த்தார். "ஞாயிறு காலை" என்றார்.

வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் குடை. டீச்சருக்கு அவர் யாரென்று தெரியாது. புதிதாகச் சேர வந்த பிள்ளையின் அப்பா என்று நினைத்துக்கொண்டு, ஒரு தாளையும் பென்சிலையும் நீட்டி, "உக்காருங்க சாப். மொதல்ல உங்க பேரு எழுதிக் கத்துக்கங்க. அப்பதான் புள்ள படிக்கும்" என்றார். நான் குறுக்கே போவதற்குள் அவர் பிள்ளைகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பூஞ்ச் கேட்ட சிறுமி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பெயரை எழுத்தெழுத்தாக எழுதிக் காட்டினாள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு பார்த்து எழுதினார். அவருடைய பெயரில் 'க' இருக்கும் இடத்தில் மராத்தியில் வேறு எழுத்து வரும். அதற்குத் தமிழில் தனி எழுத்து இல்லையா என்று அவளிடம் கேட்டார்.

"இல்ல அங்கிள். ஒரே எழுத்து, எல்லாத்துக்கும் சலேகா" என்றாள் அவள், அதுவே போதும் என்கிற மாதிரி.

"பரவாயில்லையே. எழுத்தைக் குறைச்சு வெச்சிருக்காங்க" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பெயர் எழுதிய தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, டீச்சர் கொடுத்த கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மறுவாரம் அவரே ஒரு விதி எழுதினார். உபயோகமற்ற அச்சுத் தாள்களை ஊழியர்களின் பிள்ளைகள் படிப்புக்காக இலவசமாகக் கொடுக்கலாம். அதோடு என்னைக் கூப்பிட்டு, "விதி இருந்தா படிவம் இருக்கணும். நீயே தயார் பண்ணு. கையெழுத்து மூணு" என்றார்.

"ஒண்ணு போதும் சார்."

"ரெண்டு."

"சார், காகிதத்தைக் கொறைக்கத்தான் என்னை வெச்சிருக்காங்க. நானே புதுசா ஒரு படிவம் போடறேன். அதுல ஒரு கையெழுத்தாவது எனக்காக விட்டுக் கொடுங்க."

அவர் இரண்டு விரலை நீட்டி, அதில் ஒன்றை மடக்கினார். "சரி, ஒண்ணு" என்றார். ஆலையிலேயே ஒரே கையெழுத்தில் முடியும் படிவம் அது ஒன்றுதான் என்று பிறகு பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முதல் கட்டைக் கிடங்குக்காரர் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி, வாயிலில் படிவத்தை நீட்டி, காவல் அதிகாரிக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் மராத்திக்காரர்களும் பீகார்க்காரர்களும் தங்கள் பிள்ளைகளுக்கு என்று வரிசையில் நின்றார்கள். கூரைவரை இருந்த கட்டுகள் கணக்குப் போடவும் படம் வரையவும் பட்டம் விடவும் கரைந்துபோயின.

தாயியை டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றினார்கள். போவதற்குப் பயந்தார். போன பிறகு பார்த்தால், அவருக்கு ஆலை முழுக்க எல்லாரையும் தெரியும், யார் எந்த நேரத்தில் எந்த மேசையில் டீ குடிப்பார்கள் என்பது உட்பட. மேலாளர் இருக்கையில் இல்லையென்றால் அவர் இருக்கும் இடத்துக்கே தாயி போனைப் போட்டுவிடுவார். "தபாலில் கட்டுக் கட்டிக்கிட்டே இருந்தா இத்தனை பேரோட குரலைக் கேட்டிருப்பேனா?" என்று ஒருநாள் சொன்னார். எனக்கு அப்போதுதான் மனம் லேசானது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எல்லாம் திரையிலேயே வந்துவிட்டது. அச்சடிப்பது குறைந்தது. நான் கல்யாணமாகிச் சிஞ்ச்வடிலேயே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தங்கிவிட்டேன். ஹிஞ்ஜவாடியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாக வந்தன. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் புதுத் தமிழ்க் குடும்பங்கள் எங்கள் பக்கம் குடிவந்தன. அவர்களுடைய பிள்ளைகளும் தமிழில் பேச யோசித்து யோசித்து வாயைத் திறந்தார்கள். எங்கள் குடியிருப்பின் கூடத்திலும் ஞாயிறு வகுப்பை ஆரம்பிக்கலாமா என்று டீச்சரைக் கேட்டேன். ஓய்வு பெற்றுவிட்ட கிடங்குக்காரரோடு பஸ் பிடித்து வந்து சேர்ந்தார்.

முதல் நாள் ஓர் இளம் தந்தை மடிக்கணினியோடு வந்தார். நல்ல பிள்ளை. மரியாதையாகத்தான் கேட்டார்: "ஆன்ட்டி, சிலபஸ் என்னங்க? அட்டெண்டன்ஸ் பாலிசி இருக்கா? ரெஜிஸ்ட்ரேஷன் ஆன்லைன்ல போட்டுடலாமா, நானே ஒரு பக்கம் செஞ்சு தரேன். கோர்ஸ் முடிஞ்சா சர்டிபிகேட் உண்டுங்களா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். அவர் அந்தத் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னப் பெண்ணிடம் குனிந்தார்.

"செருப்ப அங்க வுட்டுட்டு உள்ள வாம்மா. வந்து குந்து. பென்சில் எடு." நிமிர்ந்து அப்பாவிடம் சொன்னார்: "அட்மிஷன் ஆயிடுச்சு தம்பி. பன்னெண்டு மணிக்கு வந்து கூட்டிகினு போ."